படம் போடுகிறவருக்குத் தத்துவம் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை தருமபுரிக் கண்காட்சியில் நடந்ததை நண்பர்கள் அறிவீர்கள். "கை நன்றாக இருக்கிறது, ஆனால் படம் போடுகிறவருக்குத் தத்துவம் எதற்கு?" என்று மேடையிலிருந்து என்னைப் பற்றிச் சொல்லப்பட்டபோது எழுந்த சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அன்று பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். இப்போது சொல்கிறேன்: எனக்கு ஓவியமும் தத்துவமும் ஒருநாளும் இரண்டு வேலைகளாக இருந்ததில்லை.

என் அப்பா கிருஷ்ணகிரியில் போர்டு எழுதும் பெயின்டர். சாக்பீஸ் பொடி தடவிய நூலை அடித்துக் கோடு போடுவதும், எனாமலில் டர்பன்டைன் கலப்பதும் பத்து வயதுக்குள் எனக்குப் பழகிவிட்டன. ஒருமுறை மஞ்சள் பலகையில் சாம்பல் நிறத்தில் எழுதிவிட்டு, டப்பாவில் ஊதா கலந்துவிட்டதென்று அழுதேன். அப்பா அதே டப்பாவிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினார், வெறும் சாம்பல்தான். "நிறம் டப்பாவில் மட்டும் இல்லை, பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்" என்றார். பாரிஸில் திரைச்சீலை நெய்யும் ஆலையில் கறுப்புச் சாயம் சரியில்லை என்ற புகாரை ஆராயப்போன செவ்ருல் என்ற வேதியியலாளர், குறை சாயத்தில் இல்லை, அருகிலுள்ள நிறங்களில் இருக்கிறது என்று கண்டு 1839-இல் பெரிய நூலே எழுதியிருக்கிறார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். நிறம் பொருளில் இருக்கிறதா, கண்ணில் இருக்கிறதா என்ற கேள்வியை எனக்குத் தந்தது அந்த மஞ்சள் பலகை.

முதலில் ஒழுங்காக வரையட்டும் என்பார்கள். நாற்பது ஆண்டுகளாகக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெரிய பெயர்களைச் சொல்லி மிரட்டுகிறார் என்றும் சொல்வார்கள். இதற்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். ஜெர்மானிய ஓவியர் ரூங்கே 1806-இல் கவிஞர் கோதேவுக்கு எழுதிய கடிதத்தில், ஊடுருவித் தெரியும் வெள்ளையை மனத்தில்கூட நினைக்க முடியாது என்றார். கோதே அதை 1810-இல் தமது நிறவியல் நூலில் சேர்த்தார். 1951-இல் மறைந்த தத்துவவாதி விட்கன்ஸ்டைன், நோயுற்றிருந்த கடைசிக் காலத்தில், பச்சைக் கண்ணாடி இருக்கும்போது அப்படி ஒரு வெள்ளைக் கண்ணாடி ஏன் இருக்க முடியாது என்று திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார். கேள்வி ஓர் ஓவியரின் கடிதத்தில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். நீர்வண்ணத்தில் வேலை செய்பவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும்: மற்ற நிறங்களை மெலிதாகப் பூசினால் அடியில் இருப்பது தெரியும், வெள்ளையைப் பூசினால் பால்போல மூடிக்கொள்ளும். அதனால்தான் வெள்ளை வேண்டிய இடத்தில் தாளையே விட்டுவைக்கிறோம். இது கைவேலையா, சிந்தனையா? பிரித்துக் காட்டுங்கள்.

வெளிநாட்டுப் பெயர்கள் வேண்டாமென்றால், சித்திரகாரப்புலி என்று பட்டம் பூண்ட மகேந்திரவர்மனே, சைவத் துறவியான காபாலிகனும் பௌத்தனும் வழக்காடும் நாடகத்தையும் எழுதினான். அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அவன் அரசன்.

வலிப்பது அங்கேதான். ஒரு கடைப் பலகைக்கு வேறு நிறம் பொருந்தும் என்று அப்பா சொன்னபோது, "உனக்கு எதற்கு யோசனை, சொன்னதை எழுது" என்றார் உரிமையாளர். அப்பா சொன்னதையே எழுதினார். அன்று மாலை பிரஷ்களை வழக்கத்தைவிட நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு ஃபிளெக்ஸ் வந்தது, அந்த வேலையும் போனது. ஞாயிறன்று நான் கேட்டது அதே குரலைத்தான். கையால் உழைப்பவன் கையோடு நின்றுவிட வேண்டும், யோசிப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. யார் அந்த ஆட்கள்?

கண்காட்சியில் வைத்திருந்த என் படம், மாலை ஐந்து மணி வெயிலில் கிருஷ்ணகிரிக் கோட்டை மலை. வெயில் படும் பாறையில் ஓர் இடத்தை நான் பூசாமல் விட்டிருக்கிறேன். மேடையில் பேசியவர் அருகே வந்து, இந்த இடத்தை ஏன் விட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விடியும்வரை பேசியிருப்பேன்.