கென்னடி தம்பதியைக் கொன்றது சாபம் அல்ல

ஜூலை 16 வந்தால் போதும், அதே புகைப்படங்கள் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடும். அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், வயது 38. மனைவி கரோலின் பெசெட், வயது 33. 1999இல் இதே நாளில், அவரே ஓட்டிய சிறு விமானம் கடலில் விழுந்து இருவரும் இறந்தார்கள். படத்துக்குக் கீழே தவறாமல் "கென்னடி குடும்பத்துச் சாபம்" என்று ஒரு வரி. இறந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது என்பேன். கரோலினின் அக்கா லாரனும் அதே விமானத்தில்தான் போனார். பாதிப் பதிவுகளில் அவர் பெயரே இருப்பதில்லை.

கரோலின் தாமதமாக வந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பழி போடுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000இல் வெளியிட்ட அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. இரவில், கடலுக்கு மேல் இறங்கும்போது விமானிக்கு இடவுணர்வு குழம்பி, விமானம் கைமீறிப் போனது என்கிறது. பனிமூட்டத்தையும் இருட்டையும் துணைக் காரணங்களாகச் சேர்க்கிறது. இயந்திரக் கோளாறு எதுவும் தென்படவில்லை.

இடவுணர்வுக் குழப்பம் என்றால் என்னவென்று தெரிந்தால் சாபக் கதை தானாக உதிர்ந்துவிடும். உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது திரவம் பின்தங்குகிறது, அதை வைத்துத்தான் மூளை "திரும்புகிறோம்" என்று புரிந்துகொள்கிறது. தண்ணீர் நிறைந்த டம்ளரைச் சுழற்றிப் பாருங்கள். முதலில் டம்ளர் மட்டும் சுற்றும், கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் சேர்ந்து சுற்றும். காதிலும் அதேதான். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் 10, 20 விநாடிகளில் திரும்பும் உணர்வே போய்விடும். மிக மெதுவாகச் சாய்ந்தாலோ தொடக்கத்திலிருந்தே எதுவும் தெரியாது. அதைவிடக் கொடுமை, சாய்ந்த விமானத்தைச் சரியாக நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்கிறோம் என்று காது சாதிக்கும். விமானி அந்த உணர்வை நம்பி மறுபடி பழைய சாய்வுக்கே திரும்புவார்.

சாய்ந்த விமானம் மூக்கைக் கீழே இறக்கும். வேகம் கூடும், உயரமானி இறங்கும். "கீழே போகிறோம்" என்று விமானி கட்டுப்பாட்டுப் பிடியைத் தன் பக்கம் இழுப்பார். இறக்கைகளை நிமிர்த்தாமல் இழுத்தால் திருப்பம் இன்னும் இறுகும், இறக்கம் இன்னும் வேகமாகும். விமானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கிரேவ்யார்ட் ஸ்பைரல், அதாவது கல்லறைச் சுழல். அன்று ராடாரில் பதிவான கடைசித் தருணங்கள் இதற்கு அப்படியே பொருந்துகின்றன: வலப்பக்கத் திருப்பம், இறுகிக்கொண்டே போன சாய்வு, நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலான இறக்கம்.

கென்னடி அலட்சியமான ஆள் என்ற முத்திரையும் எனக்கு ஏற்பில்லை. 1998 ஏப்ரலில் உரிமம் வாங்கியவர். மொத்தம் ஏறக்குறைய 310 மணி நேரம் பறந்திருந்தார், அதில் 55 மணி நேரம் இரவில். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான பயிற்சியில் பாதி முடித்திருந்தார். ஆனால் அன்று ஓட்டிய பைப்பர் சாரடோகா என்ற அந்தச் சிறு விமானத்தில், பயிற்சியாளர் இல்லாமல் அவர் பறந்தது சுமார் 3 மணி நேரம். அதில் இரவு நேரம் ஒரு மணிகூட இல்லை. என் கண் போய் நிற்பது இந்தக் கடைசி எண்ணில்தான்.

சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. 3 மைல் தூரம் கண்ணுக்குத் தெரிந்தால், தனியார் விமானி இரவிலும் கண்பார்வையை நம்பிப் பறக்கலாம் என்கிறது அமெரிக்க விதி. பார்வைத் தூரம் வேறு, அடிவானம் தெரிவது வேறு என்பதை அந்த விதி கண்டுகொள்வதில்லை. அமாவாசை கழிந்து நாலு நாள். மெலிந்த பிறை மேற்கே இருக்கிறது, விமானம் கிழக்கே போகிறது. கீழே கறுப்புக் கடல், மேலே மூட்டம், நடுவில் கோடு கிடையாது. அதே இரவு அந்தப் பக்கம் பறந்த இன்னொரு விமானி, கென்னடி போய்க்கொண்டிருந்த மார்த்தாஸ் வின்யார்டு தீவில் விளக்கே தெரியாததால் மின்சாரம் போய்விட்டதோ என்று நினைத்ததாக விசாரணையில் சொன்னார்.

நியூ ஜெர்சியிலிருந்து இரவு 8.38க்குக் கிளம்பி, 5,500 அடியில் கனெக்டிகட் கரையோரமாக வந்தவரை ஊர் விளக்குகள் துணை இருந்தன. ரோட் ஐலண்டின் பாயிண்ட் ஜூடித் முனையோடு அந்தத் துணை முடிந்தது. அங்கிருந்து மார்த்தாஸ் வின்யார்டு வரை சுமார் 30 மைல் திறந்த கடல். கரையை விடாமல் நியூ பெட்ஃபோர்டு பக்கமாகச் சுற்றியிருந்தால் நேரம் கொஞ்சம் கூடியிருக்கும், இருட்டுக் கடலைக் கடக்கும் தூரம் வெகுவாகக் குறைந்திருக்கும். மரணம் 9.41 அளவில்.

அடிவானம் தொலைந்தால் செய்ய வேண்டியதை வரிசையாகவே சொல்கிறேன். ஜன்னலை மறந்துவிட்டு செயற்கை அடிவானக் கருவியில் கண்ணை நிறுத்துங்கள். ஆட்டோபைலட் இருந்தால் உடனே போடுங்கள், திசையும் உயரமும் அதன் பொறுப்பு. அந்த சாரடோகாவிலும் ஆட்டோபைலட் இருந்தது. சுழல் ஏற்கெனவே தொடங்கிவிட்டால் முதலில் இன்ஜின் சக்தியைக் குறையுங்கள், அடுத்து இறக்கைகளை நிமிர்த்துங்கள், கடைசியாகத்தான் மூக்கை மெல்ல உயர்த்த வேண்டும். வரிசை மாறினால் இறக்கையே முறியலாம். நிமிர்ந்த பிறகு மென்மையான சாய்வில், விநாடிக்கு 3 பாகை வீதம் 1 நிமிடம் திரும்பினால் வந்த வழிக்கே போய்விடலாம். ரேடியோ அலைவரிசை மாற்றத் தலையைச் சட்டென்று குனிய வேண்டாம், காது அதிலேயே இன்னொரு முறை ஏமாறும். பிறகு கட்டுப்பாட்டு மையத்திடம் நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். அன்று, புறப்பட்ட பிறகு அந்த விமானம் எந்த மையத்தோடும் பேசவில்லை.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை அடிவானம் தெரியாதபடி பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில். கென்னடியின் காது வேறு மாதிரி படைக்கப்பட்டதல்ல.

அன்று உடன் வரத் தயார் என்று ஒரு பயிற்சியாளர் சொல்லியிருந்தார், தனியாகவே ஓட்டிப் போக விரும்புவதாகக் கென்னடி பதில் சொல்லிவிட்டார். வலது இருக்கையில் அந்தப் பயிற்சியாளர் இருந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நினைவுகூர விரும்புகிறவர்கள், விமானம் ஓட்டும் துணையோடு பறக்கிற கணவர்களையும் மனைவிகளையும் யோசியுங்கள். பயணி என்றால் வாய் திறக்காமல் உட்கார வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் துணை விமானம் ஓட்டுபவரானால், கடந்த 90 நாளில் இரவில் 3 முறை ஏறி இறங்கினாயா என்று கேளுங்கள். பயணிகளை இரவில் ஏற்ற அமெரிக்காவில் அது கட்டாயம். இதே விமானத்தில், இதே இருட்டில், தனியாக எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வழியில் எவ்வளவு தூரம் விளக்கில்லாத தண்ணீர் என்று வரைபடத்தில் விரலை வைத்துக் கேளுங்கள். விமானி அல்லாத துணைகளுக்காகவே அங்கே பிஞ்ச் ஹிட்டர் என்றொரு பயிற்சி உண்டு: நேராகப் பிடித்துப் போவது, ரேடியோவில் உதவி கேட்பது, தேவைப்பட்டால் தரையிறக்குவது. என்னைக் கேட்டால், துணையை ஏற்றிப் பறக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அதை முடித்தாக வேண்டும். இருவரில் யார் "இன்றைக்கு வேண்டாம்" என்றாலும், காரணம் கேட்காமல் விமானத்தைக் கட்டிப்போடுவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். லாரனை மார்த்தாஸ் வின்யார்டில் இறக்கிவிட்டு கென்னடி தம்பதி போகவிருந்த உறவினர் கல்யாணம் மறுநாள்தான். அது நடக்கவிருந்த ஹயானிஸ் போர்ட்டுக்குச் சாலை இருக்கிறது, இரவே காரில் கிளம்பியிருந்தாலும் விடிவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.