கேஸ் எங்கே போச்சு என்று யாராவது சொல்லுங்களேன்

"கேஸ் தீர்ந்துபோச்சுக்கா."

ஃபிரிட்ஜ் பார்க்க வருகிற மெக்கானிக் வாயில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தீர்ந்துபோக அது என்ன அடுப்பில் எரிக்கிற சிலிண்டரா? ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. கம்ப்ரஸர் அதை அழுத்தித் தள்ளுகிறது. பின்னாலிருக்கிற கருப்புக் கம்பி வலையில் சூட்டை இறக்கிவிட்டு அது திரவமாகிறது. மெல்லிய கேப்பிலரி குழாய் வழியாக ஃப்ரீஸருக்குப் போய் ஆவியாகி, அங்கிருக்கிற சூட்டை இழுத்துக்கொண்டு கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

"ஓட்டை எங்கே தம்பி?" என்று கேட்டால், "அதெல்லாம் பார்க்க முடியாதுக்கா, போட்டுப் பார்ப்போம், மூவாயிரம் ஆகும்" என்கிறான். யார் காசில் போட்டு, யார் பார்ப்பது? ஓட்டையை அடைக்காமல் போட்ட கேஸ் வந்த வழியே போகத்தான் போகிறது. அப்போது இன்னொரு மூவாயிரம்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் பத்து வருஷத்துக்கு மேலான ஒரு சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் இருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்தில் அரிசியும் ரேஷன் அட்டையும் நனையாமல் இருக்க அதற்குள்தான் வைத்திருந்தோம். அதற்கப்புறமும் ஒழுங்காக ஓடிய பெட்டி. இந்தச் சித்திரையில்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மாவு ஒரே ராத்திரியில் பொங்கி வழிகிறது. பால் மறுநாள் காலையில் திரிந்துவிடுகிறது. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அத்தைக்கு இன்சுலின் இருக்கிறது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். இப்போது அது பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில், அவர்கள் வீட்டுக் கருவாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது. வேளைக்கு வேளை போய் "அந்த மருந்தைக் கொஞ்சம் எடுத்துக்கிறேன்" என்று நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த நிலைமையில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "என்ன, ரிப்பேர் பண்றீங்களா, புதுசு வாங்கிடறீங்களா?" பதிலை நான் எங்கே போய் எடுப்பது? என்ன கெட்டிருக்கிறது என்று சொன்னால்தானே ரிப்பேரா புதுசா என்று முடிவு பண்ண முடியும்? அதைச் சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. முடிவை மட்டும் நாங்கள் எடுக்க வேண்டுமாம்.

முதலில் வந்த மெக்கானிக் ஸ்கூட்டரில் ஒரு சின்ன சிலிண்டரும் ஒரு ஹோஸும் கொண்டுவந்திருந்தான். வேக்கம் பம்ப் இல்லை. கேஸ் போடுவதற்கு முன்னால் குழாயிலிருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும், ஃபில்டரை மாற்ற வேண்டும், பெட்டியின் தகட்டில் எழுதியிருக்கிற கிராம் கணக்குக்கு எடை பார்த்துப் போட வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் கேப்பிலரியில் ஐஸ் பிடித்து அடைத்துக்கொள்ளும். "எடை பார்க்க மாட்டியா?" என்றேன். "கையில தொட்டுப் பார்த்தாலே தெரிஞ்சிடும்க்கா" என்றான். டாக்டர் கூட இந்தக் காலத்தில் நாடி பிடித்து மருந்து தருவதில்லை.

எந்த கேஸ் என்பதாவது அவனுக்குத் தெரிய வேண்டாமா? எங்கள் பெட்டியின் தகட்டில் ஆர்134ஏ என்று போட்டிருக்கிறது. இப்போது வருகிற பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். பற்றி எரியக்கூடியது. அளவும் மிகக் குறைவு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றுகிற சமாசாரமே கிடையாது. கம்ப்ரஸரே அதற்குத் தகுந்தபடி வேறு. அவன் கொண்டுவந்த சிலிண்டரில் பெயரே அழிந்துபோயிருந்தது. வேண்டாம் சாமி என்று அனுப்பிவிட்டேன்.

அவன் போனதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்தேன். கம்ப்ரஸருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், ஐஸ் உருகுகிற தண்ணீர் அதில்தான் விழும். அந்தத் தட்டில் ஒரு மூலையில் விரிசல். அதற்கு நேர் கீழே, குழாயும் குழாயும் சேர்கிற பற்றவைப்பில் பச்சை பூத்திருந்தது. அதைச் சுற்றித் தூசி பிசுபிசுவென்று எண்ணெயாக ஒட்டியிருந்தது. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றும். ஓட்டை வழியாக கேஸ் போனால் எண்ணெயும் கசிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகும். ஆக, ஓட்டை அங்கேதான் என்று சந்தேகப்பட ஒரு காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. கீழே குனிந்து பார்க்க அந்தப் பையனுக்கு இடுப்பு வளையவில்லை. நமக்குக் கடல் பக்கம் வேறு. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துக் காற்றில் இரும்பும் செம்பும் என்ன பாடு படும் என்று ஊரில் யாருக்குத் தெரியாது?

சரி, கம்பெனிக்காரனையே கூப்பிடுவோம் என்று போன் பண்ணினால் தஞ்சாவூரிலிருந்துதான் ஆள் வர வேண்டுமாம். எங்கள் ஊரில் விற்க மட்டும் ஆள் இருக்கிறது. வந்து எட்டிப் பார்க்க விசிட் சார்ஜ், அதற்கு மேல் ஜிஎஸ்டி. வந்த புண்ணியவான் பெட்டியைத் திறந்தார், மூடினார், போனை எடுத்தார். "இந்த மாடல் பார்ட்ஸ் நிறுத்திட்டாங்க மேடம். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு, காட்டட்டுமா?" எந்த பார்ட்ஸ்? என்ன கெட்டிருக்கிறது என்றே பார்க்கவில்லை, அதற்குள் எது நின்றுபோயிற்று? சர்வீஸ் பண்ண வந்தவரா, விற்க வந்தவரா என்று நேராகவே கேட்டுவிட்டேன். விசிட் சார்ஜை மட்டும் சரியாக வாங்கிக்கொண்டு போனார். பில்லில் "கூலிங் இல்லை" என்று எழுதிக்கொடுத்தார். அதைச் சொல்லித்தான் ஐயா நான் போனே பண்ணினேன்!

2022இல் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஒரு குழு போட்டது. அந்த வருஷம் டிசம்பரில் அதற்கென்று ஒரு இணையதளமும் வந்தது. நல்ல விஷயம், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பார்ட்ஸ் இல்லை என்று ஒருவர் என் வாசலில் நின்று சொல்லும்போது அந்த உரிமையை நான் எந்த அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டுவது?

கதவு மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'பத்து வருஷ வாரண்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். சின்ன எழுத்தில் பார்த்தால் அது கம்ப்ரஸருக்கு மட்டும். கேஸ், ஃபில்டர், கூலி, வண்டி வாடகை எல்லாம் நம் தலையில். பாதி நேரம் கெட்டுப்போவது கம்ப்ரஸரே இல்லை என்பதுதான் இதில் கூத்து. கம்ப்ரஸரைக் கிளப்பிவிடுகிற, வெளியிலிருக்கிற ரிலே போனாலே போதும், 'ம்ம்ம்' என்று கொஞ்ச நேரம் முனகி 'டக்' என்று நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப 'ம்ம்ம்', திரும்ப 'டக்'. இந்தச் சத்தத்தைக் கேட்டு "கம்ப்ரஸர் போச்சு, ஏழாயிரம்" என்று சொல்லப்பட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. சில நூறு ரூபாய் சாமான் அது.

அந்த முனகலுக்கு வோல்டேஜும் காரணமாக இருக்கலாம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் குறுவைக்கு நாற்று விட வேண்டுமே என்று எல்லோரும் பம்புசெட்டைப் போடுவார்கள். அப்போது எங்கள் வீட்டு டியூப் லைட் கண் சிமிட்டும், ஃபேன் நடக்கும். அந்த வோல்டேஜில் கம்ப்ரஸர் கிளம்பத் திணறும். கரண்ட் போய் உடனே வந்தாலும் அப்படித்தான். குழாயில் அழுத்தம் சமமாவதற்குச் சில நிமிஷம் வேண்டும், அதற்காகத்தான் ஸ்டெபிலைசரில் தாமதம் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அடுத்தது ஷோரூம். "பழசு கரண்டைக் குடிக்கும் மேடம். அஞ்சு ஸ்டார் வாங்குங்க, கரண்ட் பில்லிலேயே காசு திரும்ப வந்துடும்." வருமா? கணக்குப் போடுவோம். புதுசு வருஷத்துக்கு 150 யூனிட் மிச்சம் பிடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்றால் 750 ரூபாய். பெட்டி விலை 18,000. போட்ட காசு திரும்ப 24 வருஷம் ஆகும். அதுவரைக்கும் அந்தப் பெட்டி உயிரோடு இருக்குமா என்று அந்தத் தம்பியைக் கேட்டேன். "அது உங்க யூஸைப் பொறுத்தது" என்றான். ஒரு விஷயம் மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீடாக இருந்தால் கணக்கு மாறும். 500ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாப் ரேட்டும் சேர்ந்து ஏறிவிடுவதால் பில் சட்டென்று இருநூறு, முந்நூறு கூடிவிடும். அந்த வீட்டுக்குப் புதுசு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இதை அந்தக் கடையில் ஒருத்தரும் சொல்லவில்லை, நாலு ஸ்டாரா அஞ்சு ஸ்டாரா என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதோடு, புதுசைச் சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தேன். மொழுமொழுவென்று தகரம். கருப்பு வலையைக் காணோம். "கண்டென்சர் உள்ளேயே இருக்கு மேடம், பாக்க நீட்டா இருக்கும்" என்றான். இரண்டு பக்கச் சுவருக்குள், ஃபோமுக்கு நடுவில் குழாயைப் புதைத்திருக்கிறார்கள். அதில் ஓட்டை விழுந்தால் டார்ச் அடித்தும் பார்க்க முடியாது, சோப்பு நுரை தடவி ஓட்டையைத் தேடவும் முடியாது. சுவரோடு ஒட்டி வைக்கிற சாமானுக்கு முதுகு நீட்டாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

வீட்டுக்குள் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. சிங்கப்பூரிலிருந்து கொழுந்தனார் வீடியோ காலில், "அண்ணி, அதைத் தூக்கிப் போட்டுட்டு டபுள் டோர் வாங்குங்க" என்கிறார். பணம் அனுப்புவதைப் பற்றி மட்டும் பேச்சு வரவில்லை. மாமா, "நெல்லு போட்ட காசு பேங்க்ல ஏறட்டும்" என்கிறார். வீட்டுக்காரர், "ரிப்பேர் செலவு புதுசு விலையில் பாதியைத் தாண்டினா மாத்திடணும்னு சொல்றாங்க" என்கிறார். யார் சொல்கிறார்கள்? பாதி விலை செலவழித்து நல்ல கம்ப்ரஸர் போட்டு ஓடுகிற பெட்டியும் உண்டு. கால் விலைக்கு கேஸ் அடித்து மழைக்கு முன்னாலேயே மறுபடியும் படுத்த பெட்டியும் உண்டு. எது கெட்டது என்று தெரியாத வரைக்கும் பாதியாவது, காலாவது.

எக்ஸ்சேஞ்சில் பழசை ஆயிரத்து ஐந்நூறுக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். எடுத்து என்ன செய்வார்கள் என்றால் பதில் இல்லை. பழைய இரும்புக்காரர் எடுத்தால் செம்புக் குழாயை நறுக்குவார், 'புஸ்' என்று மிச்ச கேஸும் போய்விடும். ஆர்134ஏ பூமியைச் சூடேற்றுவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். 2022ஆம் வருஷத்து மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. ஃபிரிட்ஜும் அந்தப் பட்டியலில் உண்டு, பொறுப்பு தயாரித்தவனுக்கும் உண்டு. கடைக்காரரிடம் இதைக் கேட்டால், "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் மேடம், ஈஎம்ஐ போட்டுடலாமா?" என்று முடிக்கிறார்.

என் கணக்கு நேரானது. ரிலே, தெர்மோஸ்டாட், டோர் ரப்பர் போயிருந்தால் மாற்றுவேன், யோசிக்கவே மாட்டேன். வெளியே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஓட்டை என்றால் பற்றவைத்து, ஃபில்டர் மாற்றி, வேக்கம் போட்டு, எடை பார்த்து கேஸ் போடச் சொல்வேன். ஃபோமுக்குள்ளே ஓட்டை என்று நிரூபித்தால் அன்றைக்கே புதுசு, ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். ஆனால் நிரூபிக்க வேண்டும். எங்கே ஓட்டை, என்ன மாற்றினாய், எத்தனை கிராம் போட்டாய், எத்தனை மாசத்துக்குப் பொறுப்பு என்று பில்லில் எழுதித் தர வேண்டும். எழுத மாட்டேன் என்கிறவருக்கு மூவாயிரம் இல்லை, முப்பது ரூபாய் கூடக் கிடையாது.

மன்னார்குடியில் விசாரித்து ஒருத்தரைப் பிடித்திருக்கிறோம். வயசானவர். போனில் பேசும்போதே, "குழாயில நைட்ரஜன் ஏத்தி, சோப்பு நுரை தடவிப் பாத்துட்டுத்தாம்மா மத்ததெல்லாம்" என்றார். வியாழக்கிழமை காலையில் பம்பையும் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இப்போதுதான் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்தது: வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புப் பணி, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது.