தாங்குகிற செடி எல்லாம் காய்க்கிற செடி அல்ல

பர்மாவின் ஷான் மலையில் கமெலினா போல, குளிரையும் வறட்சியையும் தாங்கும் எண்ணெய் வித்து பயிரிட்டு, அதிலிருந்து டீசல் எடுக்கலாம் என்று நண்பர்கள் சிலர் உற்சாகமாகப் பேசுகிறார்கள். எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் பர்மாவில் இருந்துகொண்டு காட்டாமணக்கை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது.

2005 டிசம்பரில் அன்றைய ராணுவ அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. ஒவ்வொரு மாநிலமும் மூன்றே ஆண்டுகளில் டீசலுக்காக 5 லட்சம் ஏக்கரில் காட்டாமணக்கு நட வேண்டும். சாலையோரம், பள்ளிக்கூட வேலி, வீட்டு வாசல் என எங்கும் நட்டார்கள். கன்றுக்குக் காசு கொடுத்ததும் ஜனங்கள்தான். வறட்சியில் சாகாது, ஆடுமாடு கடிக்காது என்பதை வைத்தே நன்றாக விளையும் என்றும் முடிவு கட்டிவிட்டார்கள். வறண்ட மண்ணில் அந்தச் செடி உயிரோடு நிற்கும், காய் பிடிப்பதோ சொற்பம். உறைபனி அதற்கு ஆகவே ஆகாது. அப்படியிருந்தும் குளிர்ந்த சின் மலைக்கும் அதே உத்தரவுதான்! எள்ளோ கடலையோ ஆட்டினால் எண்ணெய் நமக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு. மாகுவே பக்கத்துச் செக்குக்காரர்களுக்குப் புண்ணாக்கும் ஒரு வருமானம். காட்டாமணக்குப் புண்ணாக்கு நஞ்சு, எந்த மாட்டுக்கும் வைக்க முடியாது.

கமெலினாவின் கதை வேறு. கடுகுக் குடும்பத்துச் செடி, நூறு நாளுக்குள் அறுவடை, நாற்றுப் பருவத்திலேயே உறைபனியைத் தாங்கும். விதையில் 35 முதல் 40 சதவீதம் எண்ணெய். புண்ணாக்கையும் அளவாக மாட்டுத்தீவனத்தில் சேர்க்கலாம். 2010 ஏப்ரலில் பாதி கமெலினா எரிபொருளில் அமெரிக்கக் கடற்படையின் போர் விமானம் பறந்தது. எத்தியோப்பியக் கடுகிலிருந்து எடுத்த எரிபொருளை மட்டுமே ஊற்றி 2012இல் கனடாவில் ஒரு ஜெட் பறந்தது. இருந்தும் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கமெலினாப் பரப்பு சில ஆண்டுகளிலேயே சுருங்கிவிட்டது. கோதுமையில் கூடுதல் காசு வந்தது, உழவர்கள் அதற்குத் திரும்பினார்கள். யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய உழவர் எதிரில் இருந்தால்தான் ஆராய்ச்சியாளர் விதையை இன்னும் நல்லதாக்குவார். இங்கே நமக்கு இல்லாமல் போனது அதுதான்.

ஷான் மலையில் ஔங்பான், பிண்டயா பக்கம் பேயெள் மஞ்சளாகப் பூக்கும் காலத்தில் போனவர்களுக்குத் தெரியும், அந்த மலைக்காரர்களுக்கு எண்ணெய் வித்து புதிதல்ல. அவர்களிடம் கமெலினாவைக் கொண்டுபோவதாக இருந்தால், முதலில் கால் ஏக்கரில் போட்டுப் பார்க்கட்டும். மழைக்குப் பின் மண்ணில் தங்கும் ஈரம் அதற்குப் போதுமா என்று இரண்டு மூன்று பனிக்காலம் பார்க்கட்டும். விளைந்ததை யார் வாங்குவார், என்ன விலைக்கு என்பதை விதைப்புக்கு முன்பே எழுதிக்கொடுக்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் விதைப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேயெள்ளையே விதைக்க அவர்களுக்கு உரிமை இருக்க வேண்டும்.