மேடையேறாத பாதிரியார்

2008 அமெரிக்கத் தேர்தலைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இனப் பிரச்சினை பற்றி ஒபாமா ஆற்றிய பிலடெல்பியா உரையில்தான் போய் நிற்கிறோம். எனக்கு அதற்கு ஓராண்டுக்கு முந்தைய ஓர் இரவுதான் நினைவுக்கு வரும்.

2007 பிப்ரவரி 10. ஸ்பிரிங்ஃபீல்டில் கடுங்குளிரில் ஒபாமா தம் அதிபர் வேட்பாளர் அறிவிப்பை வெளியிட்டார். தொடக்கப் பிரார்த்தனை செய்வதாக இருந்தவர் ஒபாமாவின் சிகாகோ தேவாலயப் பாதிரியார் ஜெரமையா ரைட். முந்தைய இரவு அவரை அழைத்து, மேடைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரைட் வந்தார், குடும்பத்தினருடன் தனியாகப் பிரார்த்தித்தார், மேடையேறவில்லை.

இந்த ரைட் யார்? ஒபாமாவுக்குத் திருமணம் செய்துவைத்தவர். அவருடைய இரு மகள்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர். ஒபாமாவின் 2006 புத்தகத்தின் தலைப்பே ரைட்டின் பிரசங்கம் ஒன்றிலிருந்து வந்ததுதான். இப்படிப்பட்டவரின் வாய்க்கு அஞ்சித்தான் அந்த அழைப்பை ரத்து செய்தார்கள். ஆகவே, 2008 மார்ச்சில் ஏபிசி தொலைக்காட்சி ரைட்டின் பிரசங்கக் காணொளித் துண்டுகளை ஒளிபரப்பியபோது ஒபாமா திடுக்கிட்டார் என்பதை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. இந்தக் குறிப்பிட்ட பிரசங்கங்களைக் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆள் எப்படிப் பேசுவார் என்பது தெரியாமல் இல்லை.

ரைட்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். "கடவுள் அமெரிக்காவைச் சபிப்பாராக" என்ற வரிதான் திரும்பத் திரும்ப ஓடியது. 2003ல் பேசிய அந்தப் பிரசங்கத்தில், அப்பாவிகளைக் கொல்வதற்காக, தன் குடிமக்களையே மனிதரிலும் கீழாக நடத்துவதற்காக என்று அவர் காரணங்களை அடுக்குகிறார். பேசியவர் இளமையில் கடற்படையில் மருத்துவப் பணியாளராக இருந்தவர். 1966ல் அதிபர் ஜான்சனுக்குச் சிகிச்சை அளித்த குழுவில் இருந்தவர். எய்ட்ஸ் கிருமியைக் கறுப்பர்களுக்கு எதிராக அரசே உருவாக்கியது என்று அவர் சொன்னதற்கு மட்டும் என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. அது பச்சைப் பொய்.

மார்ச் 18 அன்று பிலடெல்பியாவில் ஒபாமா, கறுப்பினச் சமூகத்தை எப்படிக் கைவிட முடியாதோ அப்படியே ரைட்டையும் கைவிட முடியாது என்றார். அருமையான உரை, மறுக்கவில்லை. ஏப்ரல் 28ல் ரைட் வாஷிங்டனில் பத்திரிகையாளர்களிடம் பேசி, ஒபாமா அரசியல்வாதியாகத்தான் நடந்துகொள்கிறார் என்ற பொருள்படச் சொன்னார். மறுநாளே ஒபாமா அவரைக் கைவிட்டாயிற்று. மே மாத இறுதியில் ரைட்டின் தேவாலய உறுப்பினர் பொறுப்பிலிருந்தும் ஒபாமா விலகினார். ஊரைத் திட்டியபோது பொறுத்த உறவு தம்மைத் தொட்டதும் அறுந்தது என்றே எனக்குப் படுகிறது.

மறுபுறம் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன். டெக்சாஸ் பாதிரியார் ஜான் ஹேகியின் ஆதரவைத் தாமே தேடிப் போய்ப் பெற்றார். யூதர்களை இஸ்ரேலுக்கு விரட்டிக் கொண்டுசேர்க்கக் கடவுள் அனுப்பிய வேட்டைக்காரன் ஹிட்லர் என்ற ஹேகியின் பழைய பிரசங்கம் மே மாதம் வெளிவந்ததும் அந்த ஆதரவை உதறினார். அப்போது, தாம் ஒன்றும் இருபது ஆண்டுகள் ஹேகியின் தேவாலயத்தில் அமர்ந்திருக்கவில்லை என்றார். ரைட்டின் தேவாலயத்தில் இருபது ஆண்டுகள் இருந்த ஒபாமாவைக் குத்தும் பேச்சு அது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. இருபது ஆண்டுப் பழக்கத்தில் ஒருவரின் குறைகளோடும் ஒட்டிக்கொள்வது மனித இயல்பு. ஹேகியிடம் மெக்கெய்ன் போனது அவர் பின்னால் இருந்த வாக்குகளுக்காக மட்டுமே.

ஆனாலும் அந்த இலையுதிர்காலத்தில், தம் கட்சிக்காரர்கள் எவ்வளவோ சொல்லியும், தம் விளம்பரங்களில் ரைட்டை இழுக்க மெக்கெய்ன் சம்மதிக்கவில்லை. பெருந்தன்மை என்றுதான் சொல்கிறார்கள். இழுத்திருந்தால் ஹேகியின் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?