ஸ்டார் வார்ஸ் கார்டு லட்ச ரூபாயா? உண்மை விளக்கம்

"டெசிஃபர் கம்பெனி 2001ல் திவால், மிச்சமிருக்கும் ஸ்டார் வார்ஸ் கார்டு ஒவ்வொன்றும் லட்சம் போகும்." கோவை, ஈரோடு பக்கம் பழைய பொருள் விற்கும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

டெசிஃபர் 2001ல் திவாலாகவில்லை. ஸ்டார் வார்ஸ் ஹாலிவுட் படங்களை வைத்து ஆடும் கார்டு ஆட்டத்தை 1995 டிசம்பரில் வெளியிட்ட அமெரிக்க நிறுவனம் அது. 2001 முடிவில், படங்களின் உரிமையாளரான லூகாஸ்ஃபிலிம் அந்த ஆட்டத்துக்கான உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. உரிமம் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற இன்னொரு ஆட்ட நிறுவனத்துக்குப் போனது. திருப்பூர்க்காரர்களுக்கு இது புரியும்: தைப்பது நாம், லேபிள் அடுத்தவருடையது. ஆர்டர் கைமாறினால் தறியும் மிஷினும் இருந்தும் பயனில்லை. அதே ஆண்டு டெசிஃபர் வெளியிட்ட லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் பட கார்டுகள் 2007 வரை நிறுவனத்தைத் தாங்கின. நிதி அதிகாரியே செய்த கையாடலும் நிறுவனத்தின் சரிவுக்கு ஒரு காரணம்.

இனி விலை. முதல் தொகுப்பில் 324 கார்டுகள். 15 கார்டு கொண்ட பாக்கெட்டில் அரிதானது ஒன்றுதான். மீதியெல்லாம் ஏராளமாக அச்சானவை, சில்லறைக் காசுக்கே கிடைக்கும். முதலில் ஓரத்தைப் பாருங்கள்: முதல் தொகுப்பில் கறுப்பு ஓரம் முதல் அச்சு, வெள்ளை ஓரம் மறு அச்சு. பெயர் பெற்ற பாத்திரத்தின் அரிய கறுப்பு ஓரக் கார்டு, முனை மழுங்காமல் இருந்தால் மட்டுமே விலை பேசலாம்.

கார்டைப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் கார்டின் மேல் தாள் துண்டு இருந்தால் போலி என்று பதற வேண்டாம். பழைய கார்டுகளுக்கு ரசிகர் குழு இன்றும் வெளியிடும் புதிய விதிகளை அச்சிட்டு அப்படித்தான் செருகி ஆடுகிறார்கள். அந்தத் தாளுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்.