புதுமைப்பித்தன் வாழ்ந்தபோதே வாசிக்கப்பட்டார்

நம் திருநெல்வேலிச் சீமையின் சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தனுடைய நையாண்டியை அவர் உயிரோடிருந்தவரை யாரும் பொருட்படுத்தவில்லை, 1948இல் மறைந்த பிறகே புத்தகங்கள் வந்தன என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல, ஐயா.

'புதுமைப்பித்தன் கதைகள்' தொகுப்பு 1940இலேயே வெளிவந்துவிட்டது. விமர்சகர் ரா. ஸ்ரீ. தேசிகன் அதற்கு முன்னுரை எழுதினார். 1943இல் 'காஞ்சனை' என்ற கதைத் தொகுப்பு வந்தது. அதற்குத் தாமே எழுதிய முன்னுரைக்கு அவர் வைத்த தலைப்பு 'எச்சரிக்கை'. தாம் செய்யும் கிண்டலைக் கண்டு சிலர் கூடச் சேர்ந்து சிரிக்கிறார்கள், சிலர் கோபிக்கிறார்கள் என்று அதில் சொல்கிறார். விமர்சகர்களுக்கென்றே தனியாகவும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார். கவனிக்கப்படாத எழுத்தாளருக்கு இப்படி எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. அவர் வறுமையில் வாடியது உண்மை, நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் வறுமை வேறு, வாசகர் இல்லாமை வேறு.

சரிபார்ப்பது எளிது. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து, காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட செம்பதிப்பு (மூலங்களோடு ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பு) அவருடைய கதைகளைக் கால வரிசையில் தருகிறது. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கதைக்கும் முதலில் வெளியான இதழையும் ஆண்டையும் பாருங்கள், பிறகு அந்த 'எச்சரிக்கை'யை வாசியுங்கள். சிறிய முன்னுரைதான்.