'கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசுவான்?'

செல்போன் சர்வீஸ் சென்டரோ, லேப்டாப் ரிப்பேரோ, ஏசி மெக்கானிக் வேலையோ, எந்த விளம்பரத்தை எடுத்தாலும் 'நல்ல கம்யூனிகேஷன் ஸ்கில் அவசியம்' என்று ஒரு வரி இருக்கும். யோசித்து எழுதிய வரி இல்லை, பழைய விளம்பரத்திலிருந்து வெட்டி ஒட்டியது. ஆனால் காது கேளாத டெக்னீஷியனை வாசலிலேயே நிறுத்துவது அதுதான். அதையும் மீறி ரெஸ்யூமே அனுப்பினால், எச்ஆர் முதலில் போன்தான் போடுவார். இரண்டு முறை எடுக்கவில்லையா, 'நாட் ரீச்சபிள்' என்று குறித்துவிட்டு அடுத்த பெயர். 'காது கேளாது, வாட்ஸ்அப்பில் எழுதவும்' என்று ரெஸ்யூமேவின் தலையிலேயே போட்டிருந்தாலும் இதே கதிதான். யாரும் யாரையும் நிராகரித்ததாகக் கணக்கிலேயே வராது.

நேரில் போய் நின்றால் இரண்டு கேள்வி வரும். 'ஸ்பீக்கர், மைக்கை எப்படி செக் பண்ணுவான்?' 'கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசுவான்?' (எதிரில் நிற்பவருக்கு முப்பத்தைந்து வயதானாலும் 'ன்' தான்.)

முதல் கேள்விக்குப் பதில் பெஞ்சிலேயே இருக்கிறது. பழுதான போனில் 1000 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, பத்து சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு போனில், ஒலியை அலைவரிசைவாரியாக வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரம் ஆப்பைத் திறந்து வையுங்கள். 1000-இல் ஒரே ஒரு கூர்முனை தெரிந்தால் ஸ்பீக்கர் நல்லது. 2000, 3000-இலும் முனைகள் உயரமாகக் கிளம்பினால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது கம்பிச் சுருள் (coil) உரசுகிறது. முனை ஒன்றுதான், ஆனால் அதே மாடல் நல்ல போனைவிட 10 டெசிபல் தாழ்ந்திருக்கிறது என்றால் முதலில் ஸ்பீக்கர் வலையைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே தூசி அடைத்திருக்கும். மைக்குக்கு ரெக்கார்டரின் அலைவடிவம் போதும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் 'ஹலோ, ஹலோ' என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு 'ஓகே சார்' என்று கொடுப்பதைவிட இது எத்தனையோ மேல்.

மற்றதும் இப்படித்தான். மல்டிமீட்டர் 'பீப்' அடிக்கும்போதே திரையில் ஓம் கணக்கையும் காட்டுகிறது. கம்ப்யூட்டர் ஆன் ஆகாதபோது பீப்பை எண்ண வேண்டாம். பல மதர்போர்டில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று குட்டி விளக்குகள் உண்டு, இல்லாத போர்டுக்கு, கோளாறை எண்ணாகக் காட்டும் டீபக் கார்டு. ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று அடிக்கும்வரை காத்திருப்பதே தப்பு. டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் (S.M.A.R.T.) பட்டியலில் 05, சி5 வரிகளின் (கெட்டுப்போன இடங்களின்) எண்ணிக்கை ஏறத் தொடங்கினாலே டேட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும். ஏசியில் கம்ப்ரசர் 'உம்' என்று முக்கிவிட்டு நிற்கிறதா? கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பல மடங்கு எகிறி, ஓவர்லோடு பாதுகாப்பு மின்சாரத்தை வெட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம், அடுத்து கப்பாசிட்டரை அளக்கலாம். கேஸ் கசிவுக்கு எல்லோரும் சோப்புத் தண்ணீர்தானே அடிக்கிறோம்?

காது வேண்டிய இடமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 'பேசும்போது எப்பவாவது ஒரு மாதிரி இரையுது' என்று வரும் புகாரை மீட்டரில் பிடிப்பது கஷ்டம். பக்கத்து பெஞ்ச்காரர் இரண்டு நிமிடம் கேட்டுச் சொன்னால் தீர்ந்தது. நுணுக்க சால்டரிங்குக்கு அவரே இவரிடம் வருவார்.

இரண்டாவது கேள்வி, கவுன்டர். இங்கே உண்மையிலேயே வேலை இருக்கிறது. 'உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்கல்ல' என்று விட்டுவிட்டால் கெட்டது. தமிழில் ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான்: கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பட்டை', 'மட்டை' சொல்லிப் பாருங்கள். முகக்கவசமும் மீசையும் தனிக் கதை. லைவ் ட்ரான்ஸ்கிரைப் போன்ற ஆப் பேச்சைத் தமிழில் எழுத்தாக்கித் தரும், ஆனால் 'சார்ஜிங் பின் லூஸா இருக்கு, டிஸ்ப்ளேல லைன் வருது' என்ற நம் கலவைத் தமிழில் தடுமாறும். போனை வாடிக்கையாளரின் வாயிலிருந்து ஓரடிக்குள் வைத்து, தமிழோடு ஆங்கிலத்தையும் இரண்டாம் மொழியாகத் தேர்ந்துவிட்டால் ஓரளவு தேறும். ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் தேறாது.

ஆப்பை நம்புவதைவிட, புகாரை எழுதி வாங்கும் ஜாப் ஷீட்டை மாற்றுவது மலிவு. ஒரு ஏ4 தாளில் பத்துப் பன்னிரண்டு படம்: உடைந்த திரை, உப்பிய பேட்டரி, சார்ஜிங் பின், ஸ்பீக்கர், மைக், கேமரா, தண்ணீர். வாடிக்கையாளர் விரல் வைத்துக் காட்டுவார். கீழே ஐந்து கேள்வி: எப்போதிருந்து, விழுந்ததா, நனைந்ததா, டேட்டா வேண்டுமா, எவ்வளவு வரை செலவு செய்யலாம். எழுதியதை டெக்னீஷியன் திருப்பிக் காட்ட, வாடிக்கையாளர் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். வாயால் சொல்லி, பிறகு 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று வரும் சண்டையில் பாதி இதிலேயே போய்விடும். ஸ்டேட்டஸ் கேட்க, ஷீட்டின் மேலே வாட்ஸ்அப் எண்.

வெளிச்சத்தை யாரும் கவனிப்பதில்லை. கடை வாசலுக்கு முதுகு காட்டி நிற்கும் வாடிக்கையாளரின் முகம் இருட்டாகத்தான் தெரியும். கவுன்டரைப் பக்கவாட்டில் திருப்புங்கள், முடியாவிட்டால் அவர் முகத்தில் விழும்படி ஒரு டியூப் லைட். தலையாட்டலை 'சரி' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்' என்றுதான் அர்த்தம். 'புரிஞ்சுதா?' என்று கேட்பதைவிட 'என்ன செய்யப் போறீங்க, காட்டுங்க' என்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர் என்கிறது. 60 முதல் 70 வரை கேட்கும் திறன் குறைந்தவர். அரசு வேலையில் இவர்களுக்கு 1 சதவீதம். சிக்கல் தனியாரில். வேலையில் பாகுபாடு கூடாது என்று நேரடியாகச் சொல்லும் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. தனியாருக்கு 3-ஆம் பிரிவின் பொதுவான தடையும், சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்ற 21-ஆம் பிரிவும்தான். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், எந்தெந்தப் பணியிடம் இவர்களுக்குப் பொருந்தும், எப்படித் தேர்வு செய்வோம் என்பதையெல்லாம் அந்தக் கொள்கையில் எழுத வேண்டும் என்கிறது 2017 விதி. விண்ணப்பிப்பவர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். முதல் தடவை மீறினால் அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை. ஒரு நல்ல போனின் டிஸ்ப்ளே விலை. இதை வைத்து எந்தக் கம்பெனியை மிரட்ட முடியும்?

வேலைக்கு எடுக்க நினைப்பவர்கள் எழுத்துத் தேர்வை நம்பாதீர்கள். சைகை மொழியில் வளர்ந்தவருக்குத் தமிழே இரண்டாம் மொழி, சைகை மொழியின் இலக்கணம் வேறு. வாக்கியம் பிசகுவதால் வேலை தெரியாது என்று ஆகாது. பழுதான போன் ஒன்றையும் 45 நிமிடத்தையும் கொடுங்கள். சம்பளம், ஷிப்ட் பேசும்போது மட்டும் சைகை மொழிபெயர்ப்பாளர் இருக்கட்டும். கூட வந்த தம்பியையோ அம்மாவையோ அந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

எடுத்த பிறகு அவரைப் பின்னறையில் ஒளித்து வைப்பதும் பாகுபாடுதான். பல இடங்களில் இன்சென்டிவ் கவுன்டரில் ஜாப் ஷீட் போடுகிறவருக்கு. அந்தப் போர்டை எடுத்துச் சரிசெய்த கைக்கு மாதச் சம்பளம் மட்டும்.